நல்ல பேஷன்ட்

சில பேர் சொல்லிட்டுப் போகிற ஒரு வரி, தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. போன மாசம் எனக்கு அப்படி ஒண்ணு சிக்கியது. சொன்னது என் கவுன்சிலர்.

முதலில் முன்கதைச் சுருக்கம். வீடு ஆவடி, காலேஜ் பூந்தமல்லி பக்கம். ஐந்தாவது செமஸ்டரில் 2 அரியர் விழுந்ததிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. கடைசி ரயில் சத்தத்தையும் கேட்டுவிட்டு, விடியற்காலை முதல் ரயில் சத்தத்தையும் கேட்பேன். பகலில் பஸ் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அம்மா, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். அப்பாவுக்கு அரியர் விஷயமே தெரியாது. தோழி ஒருத்திதான் அம்பத்தூரில் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப் போனாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாரா வாரம் வியாழக்கிழமை போக ஆரம்பித்தேன்.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ரொம்ப எளிது. தினமும் காலையில் எழுந்ததும், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். நான் எழுதவே இல்லை. வியாழக்கிழமை ஆவடியில் ரயில் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டுவதற்குள் 7 நாளையும் மொத்தமாக எழுதி முடித்துவிடுவேன். முதல் நாள் 4 மணி நேரம், அப்புறம் 5, கடைசியில் ஆறரை. படிப்படியா முன்னேற்றம் காட்டினால்தானே பார்க்க நல்லாயிருக்கும்! (எல்லாம் லேப் ரெக்கார்ட் எழுதிய அனுபவம்தான்.)

ஐந்தாவது வாரம் நோட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். கொஞ்ச நேரம் பேசினோம். கிளம்பும்போது சொன்னார்:

"நீங்க ரொம்ப நல்ல பேஷன்ட் மா. அதான் எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு."

நான் வழக்கம்போல, "சரி மேடம், தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என்ன சரி? எனக்கு ஒண்ணுமே புரியலையே!

நல்ல பேஷன்டா இருந்தா எதுக்குக் கவலைப்படணும்? நோட்டு குட்டு உடைஞ்சுபோச்சா? இல்லை, எனக்கு வந்திருப்பது பெரிய வியாதியா? ஒருவேளை அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ? தோழியிடம் கேட்டால், "அடுத்த வாரமும் வரவைக்கக் கொக்கி போடறாங்கடி" என்றாள். இனிமேல் போகவே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அம்மாவிடம் ஒரு மேடம் சொன்னதாக மட்டும் சொன்னேன். அம்மா, "நல்ல பொண்ணுன்னு சொன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்றார். அங்கேதான் பொறி தட்டியது. எங்கள் வீட்டில் நல்ல பொண்ணு என்றால் என்ன? அடம் பிடிக்காது, எதையும் கேட்காது, அழாது. சொந்தக்காரர்கள் வந்தால் அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது இதைத்தான். நான் கவுன்சிலரிடமும் அதே நல்ல பொண்ணாகத்தான் போய் உட்கார்ந்திருந்தேன்.

தேடிப் படித்ததில் டொனால்ட் வின்னிகாட் கிடைத்தார். லண்டனில் குழந்தை மருத்துவராகவும் மனப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர். 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'பொய்யான நான்' என்று ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். சுற்றி இருப்பவர்களுக்கு ஏற்ற மாதிரி குழந்தை தன்னை வளைத்துக்கொள்கிறது. அந்த வளைந்து போகிற முகம், உள்ளே இருக்கிற நிஜ முகத்தை மறைத்துப் பாதுகாக்கிறது. கொஞ்சம் இருந்தால் தப்பில்லை, நாலு பேரோடு பழக அது வேண்டும். அதுவே முழுசாகிவிட்டால், சிகிச்சைக்கு வந்தாலும் அந்த முகம்தான் வந்து பேசிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் பிளான்சர்ட், ஃபார்பர் என்ற இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. சிகிச்சைக்குப் போன 547 பேரிடம் கேட்டதில் 93 சதவீதம் பேர், ஒரு தடவையாவது சிகிச்சையாளரிடம் பொய் சொன்னதாக ஒத்துக்கொண்டார்கள். அதிகம் பேர் சொன்ன பொய் எது தெரியுமா? தங்களுடைய கஷ்டத்தைக் குறைத்துச் சொன்னதுதான். அட, நாம தனி ஆள் இல்லை!

அப்பாவிடம் போய்விடுமோ என்ற பயத்துக்கும் பதில் கிடைத்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 23ஆவது பிரிவு, சிகிச்சையில் தெரியவரும் விஷயங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. என் 2 அரியர் அதில் வராது.

அடுத்த வியாழக்கிழமை போனேன். உட்கார்ந்ததும், "போன வாரம் நீங்க சொன்னது எனக்குப் புரியல மேடம்" என்றேன். இதைச் சொல்வதற்குள் கை வியர்த்துவிட்டது. அந்த வேகத்திலேயே நோட்டு விஷயத்தையும் போட்டு உடைத்தேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நோட்டு விஷயம் எனக்குத் தெரியாதும்மா. நான் சொன்னது வேற. வாரா வாரம் எழுந்திரிக்கும்போது, 'உங்களுக்கு லேட் ஆயிடுச்சா மேடம்? டயர்டா இருக்கீங்களா?'ன்னு கேக்கறீங்க. நான் ஒரு கேள்வி கேட்டா, எனக்குப் பிடிக்கிற பதில் எதுன்னு என் முகத்தைப் பாக்கறீங்க. நீங்க இங்க வர்றது என்னைப் பாத்துக்க இல்லையே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னொருவர் எதிரில் அழுதேன். அவர் டிஷ்யூ டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நானும் ஸாரி சொல்லவில்லை. (சொல்ல வாய் வரை வந்தது.)

ஒரு வாரம் முழுக்க நான் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததில் பாதி சரி, பாதி தப்பு. மீதிப் பாதி கேட்டதால்தான் கிடைத்தது. கேட்காமல் நின்றிருந்தால், அவர் என் காசுக்காகக் கொக்கி போட்டார் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் மக்களே, டாக்டரோ கவுன்சிலரோ சொன்னது புரியவில்லை என்றால், அவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள். போக வசதி இல்லாதவர்களுக்கு 14416 என்று டெலி மானஸ் இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது வியாழக்கிழமைப் பேச்சு. நோட்டு மட்டும் தினமும் காலையிலேயே எழுதுகிறேன். நேற்று ராத்திரிக் கணக்கு 3 மணி நேரம். அதற்கு முந்தின நாள் 5. அதற்கு முந்தின நாள் மறுபடியும் 3. முன்னேற்றம் மாதிரி தெரியவில்லைதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு மேடம் கவலைப்படவில்லை.