முட்டை கனம்... 7,000 கிலோமீட்டர்!

பொங்கல் லீவுக்கு என்ன பிளான் ஃப்ரெண்ட்ஸ்? புதுப்படம், கரும்பு, தூக்கம்... ஓகே! எங்க வீட்ல எக்ஸ்ட்ரா ஒரு ஐட்டம் உண்டு. விடியற்காலை அம்மா புளிசாதம் கட்ட, அப்பா பைனாகுலரைத் துடைக்க, தம்பி பாதித் தூக்கத்துல ஷூ மாட்ட... குடும்பமே கோடியக்கரைக்குக் கிளம்பிடும். வேதாரண்யத்துக்காரங்க நாங்க. ஏரியா நம்மளது!

நீங்க வந்தா பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளப்பீங்க. எங்கப்பா கை காட்டுறதோ, சேத்துல குடுகுடுன்னு ஓடுற ஒரு குட்டிப் பறவையை. “பாப்பா, மூக்கைப் பாரு. கீழ்நோக்கி வளைஞ்சிருக்குல்ல? அதான் அடையாளம்!”

கர்லியூ சேண்ட்பைப்பர். உள்ளான் இனம். எடை சுமார் 60 கிராம்... ஒரு கோழிமுட்டைதான்! சைபீரியாவின் வடகோடியில குஞ்சு பொரிச்சுட்டு, சுமார் 7,000 கிலோமீட்டர் பறந்து நம்மகிட்ட வருது. இதுல செம மேட்டர் என்னன்னா, பெரிசுங்க முன்னாடியே கிளம்பிடும். குஞ்சுங்க பின்னாடி, தாய் தகப்பன் துணையில்லாமலே வழி கண்டுபிடிச்சு வரும். நம்மளை ஹாஸ்டல்ல விட மொத்தக் குடும்பமும் வண்டி கட்டிக்கிட்டு வருது, யோசிச்சுப் பாருங்க!

இந்தச் சின்னப் பறவையை 2024-ல் உலக சிவப்புப் பட்டியலில் ‘அழியும் அபாயம் உள்ளவை’ வரிசைக்குத் தள்ளிட்டாங்க. காரணம் ஒண்ணு ரெண்டு இல்லை. முக்கியமானது, வழியெல்லாம் சதுப்பு நிலம் காணாமப் போறது. அதுக்குக் காலே கொஞ்சூண்டு. தண்ணி ஆழமானா சேத்துல இருக்கிற புழு எட்டாது. தண்ணியே வத்திப்போனா புழுவே கிடையாது. நடுவுல ஒரு ஸ்டாப்பிங்ல சாப்பாடு கிடைக்கலைன்னா, அடுத்த ஊருக்குப் பறக்கப் பெட்ரோல் ஏது? கோடியக்கரை 2002-லேயே ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனா, ஒரு ஸ்டாப்பிங்கை மட்டும் காப்பாத்தினா பயணம் முடிஞ்சிடுமா?

அப்பாவோட பழைய நோட்டுல ஒரு பக்கத்துல, ‘உள்ளான் - எண்ண முடியவில்லை’னு இருக்கு. போன தடவை அதே இடத்துல நான் சிரமமே இல்லாம எண்ணி முடிச்சேன். சந்தோஷப்பட முடியலை. “ஒருநாள் கணக்கை வெச்சு முடிவு பண்ணாதே. காத்து, தண்ணி மட்டம் எல்லாம் மாறும். வருஷா வருஷம் எண்ணினாதான் உண்மை தெரியும்”னார் அப்பா.

சர்க்கரையால அவருக்குக் கண் மங்கிக்கிட்டே வருது. இப்போ பைனாகுலர் என் கையில, நோட்டு தம்பி கையில. அப்பா பக்கத்துல நின்னு, “மூக்கு வளைஞ்சிருக்கா? இறக்கையில வெள்ளைக் கோடு தெரியுதா?”னு கேட்டுக்கிட்டே இருப்பார். நான் சொல்லச் சொல்ல, அவர் பார்த்துடுவார்!

உங்க ஊர்ல ஏரி, குளம் இல்லாமலா போயிடும்? பொங்கலப்போ தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. ஒரே இடத்துல 15 நிமிஷம் நின்னு, பார்த்ததை எண்ணி, இ-பேர்டு தளத்துல ஏத்தினா போதும். பேர் தெரியலைன்னா வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. தாத்தா, பாட்டிகிட்ட நோட்டு இருக்காது. ஞாபகம் இருக்கும். அது இருக்கும்போதே எழுதி வெச்சிடுங்க மக்களே!