பேர் சொல்லாதது

திருப்பூர்,
சனிக்கிழமை இரவு

தம்பி செந்திலுக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய கவிதைகள் வந்து பத்து நாளாகிறது. அக்காவிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். ஷிப்மென்ட் நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட். இன்றைக்குச் சம்பள நாள், கொஞ்சம் நேரத்தோடு விட்டார்கள். பாப்பா தூங்கிவிட்டாள். உன் மச்சான் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறார். ஆறு கவிதையையும் இரண்டு தடவை படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த நாலாவது கவிதை. ஊரே புகழ்ந்தும் சந்தோஷப்படாத மனுசன், தன் ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிறானே, அதில் 'அவன்' என்று எழுதி, அடித்து, 'அவள்' போட்டிருக்கிறாய். ஓரத்தில் பென்சிலில் 'சார் சொன்னார்' என்று வேறு. ஏன் சாமி இப்படி? அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1860-லேயே ஆணென்று அச்சில் விட்ட கவிதை அது.

செக்கிங் டேபிளில் பதினோரு வருசமாக நிற்கிறவள் சொல்கிறேன். பனியன் துணியில் லேபிளைப் பிரித்து வேறு லேபிள் வைத்தால், தையல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பழைய ஊசி போன ஓட்டை வரிசையாக நிற்கும். துணியை லேசாக இழுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் போதும். விட்மனே இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பெரிய நகரத்தைக் கடந்து போனபோது தன்னைப் பிரிய விடாமல் பிடித்துக்கொண்ட பெண்ணைப் பற்றி ஒரு கவிதை உண்டு. கையெழுத்துப் பிரதியில் அது ஆண். 1892-இல் அவர் போய்ச் சேர்ந்து பல வருசம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது. வாஷிங்டனில் குதிரை டிராம் கண்டக்டராக இருந்த பீட்டர் டாயிலைப் பற்றி 1870-இல் நோட்டில் எழுதும்போது பெயரைக்கூட எழுதவில்லை. 16, 4 என்று எண்ணாகப் போட்டார். 'பி' பதினாறாவது எழுத்து, 'டி' நாலாவது. அங்கேயும் 'அவனை' என்பதை அழித்து 'அவளை' ஆக்கியிருக்கிறார். தனக்கு மட்டும் வைத்திருந்த நோட்டு, செந்திலு! அதில்கூட. அப்படிப் பயந்த மனுசன் மாற்றாமல் விட்டுப்போன கொஞ்சத்தையும் நீ மாற்றலாமா?

'அவர்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. 'அவர் வருகிறார்' என்றால் நம் ஊரில் பேசுவது பெண்டாட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். பாரதி கண்ணனைக் காதலனாகப் பாடினார், காதலியாகவும் பாடினார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகினார். ஆணை நினைத்து உருகும்போது அவர்கள் தங்களைப் பெண்ணாக்கிக்கொண்டார்கள். விட்மன் அந்தத் தாடியோடு ஆணாகவே நின்று சொல்கிறார். அந்த ஒரு 'ன்' போனால் கவிதையே போச்சு.

அது நட்புதான் என்று உன் சார் சொன்னால், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆண்கள் ஒருவருக்கொருவர் உருகித்தான் கடிதம் எழுதினார்கள். நம் டவுன் பஸ்ஸில் பையன்கள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்து தூங்குவதில்லையா? எல்லாவற்றுக்கும் காதல் என்று முத்திரை குத்த வேண்டாம். ஆனால் 'வெறும் நட்புதான்' என்று நாம் சொல்வது பல நேரம் நம் வசதிக்காகத்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு இதைச் சொன்னதில்லை. முன்பு வேலை செய்த கம்பெனியில் ஒரு ஓவர்லாக் டைலரும் ஒரு கைமடிப் பெண்ணும் லைன் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். நாலு வருசம், ஒரே தூக்குப்போசியில் சோறு. பிறகு கைமடிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து ஊரிலிருந்து வந்து கூட்டிப் போனார்கள். மற்றவள் அன்றைக்கும் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் தைத்த பீஸ் எல்லாம் என் டேபிளுக்குத்தான் வந்தது. ஒன்றில்கூடத் தையல் விடவில்லை. 'பிரெண்டு போனதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே' என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. உன் நாலாவது கவிதையைப் படிக்கும்போது அந்த முகம்தான் வந்தது.

அப்போது என்னிடம் வேறு சொல் இல்லை. பேப்பரில் வந்த 'ஓரினச்சேர்க்கை' படுக்கையைத் தவிர எதையும் காட்டாத சொல். வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2022-இல் நம் அரசே மரியாதையான சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டது. முன்னுரையில் நீ 'தன்பாலீர்ப்பு' என்றே எழுது.

இன்னொன்று. இங்கிலாந்திலிருந்து சைமன்ட்ஸ் என்ற எழுத்தாளர் அந்தக் கவிதைகளுக்கு என்ன அர்த்தம் என்று விட்மனை வருசக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் அதே மனசுக்காரர், ஆசையில் கேட்டவர்தான். 1890-இல் விட்மனுக்கு எழுபத்தொரு வயது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எனக்கு ஆறு பிள்ளைகள் என்று பதில் எழுதிவிட்டார். அந்தப் பிள்ளைகளை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிரியமாக நெருக்கினால்கூட மனுசன் பொய்தான் சொல்வான் போல. அதனால் கண்ணு, இந்தக் கவிதைகளை ஏன் எடுத்தாய் என்று உன்னிடம் கேட்க மாட்டேன். அம்மா கேட்கச் சொன்னாலும் கேட்க மாட்டேன். ராத்திரி எத்தனை மணிக்குப் போன் அடித்தாலும் எடுப்பேன், அது மட்டும் தெரிந்தால் போதும்.

தலைப்பிலும் ஒரு தப்பு இருக்கிறது. விட்மன் இந்தக் கவிதைகளுக்கு வைத்த 'கலாமஸ்' என்ற பெயருக்கு 'நாணல்' என்று போட்டிருக்கிறாய். அது நாணல் இல்லை, வசம்பு. அங்கே குளத்தோரம் வாசனையாக வளருமாம். பாப்பாவுக்கு வயிறு உப்பினால் அம்மிச்சி விளக்கில் சுட்டு, உரசி, தொப்புளைச் சுற்றித் தடவுவாளே, அதேதான். நாட்டு மருந்துக் கடையில் அம்மிச்சி வசம்பு என்று கேட்டதே கிடையாது. 'பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க' என்பாள். கவருக்குள் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், மோந்து பார்த்துவிட்டுத் தலைப்பை மாற்று.

தீபாவளிக்கு உன் ரூம் தம்பியையும் கூட்டி வா. போன தடவை பஸ் ஸ்டாண்டோடு திருப்பி அனுப்பிவிட்டாய், பாவம். அவனுக்குக் காரம் ஆகாது என்றாயே, குழம்பைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா