இலையை எப்போது எடுப்பது

எங்கள் வீட்டில் இலை என்றாலே கஷாயம்தான். சளிக்குக் கற்பூரவள்ளி, காய்ச்சலுக்குத் துளசியும் மிளகும். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை என் மாமியார் அடுப்படியை விட்டு நகரமாட்டார். அந்தக் கைப்பழக்கம்தான் எனக்கும். எதையும் சுண்டக் காய்ச்சினால்தான் சாரம் இறங்கும் என்று எழுபது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதம். லீவுக்கு மதுரை வந்த பேரன், பாட்டிலில் விற்கிற ஐஸ் டீ வேண்டும் என்று ஒரே அடம். கொல்லையில் இத்தனை பச்சை கிடக்கும்போது காசு கொடுத்துச் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு? புதினா, துளசி, எலுமிச்சைப்புல் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றி, ஐஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவன், "அப்பத்தா, இது மருந்து" என்றான். நானும் குடித்துப் பார்த்தேன். மருந்துதான், அதுவும் ஆறிப்போன மருந்து.

அந்தக் கோடை முழுக்க எனக்கு இதே வேலை. எலுமிச்சைப்புல் கொஞ்சம் முரடு. தண்டின் அடிப்பகுதியை நசுக்கி, முடிச்சுப் போட்டு, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால்தான் வாசம் விடும். புதினாவும் துளசியும் அப்படியில்லை. அடுப்பை அணைத்த பிறகே அவற்றைப் போட வேண்டும். போட்டதும் தட்டுப் போட்டு மூட வேண்டும்; வாசம் எல்லாம் இலையிலிருக்கும் எண்ணெயில்தான், திறந்து வைத்தால் ஆவியோடு போய்விடும். தட்டின் அடியில் கோர்த்திருக்கும் நீரையும் பாத்திரத்திலேயே தட்டிவிடுவேன், அதுவும் வாசம்தான். பத்து நிமிஷம் போதும். அதற்கப்புறம் அப்படியே கிடந்தால் கசப்பும் பச்சைவாடையும் இறங்க ஆரம்பிக்கும். வடிகட்டி இலையை எடுத்துவிட வேண்டும்.

ஐஸ் உருகினால் தண்ணீராகும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒரு லிட்டருக்குப் போடுகிற இலையை அரை லிட்டரிலேயே போடுகிறேன். பனங்கற்கண்டைச் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும், குளிர்ந்த பிறகு போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேரனுக்காக நாலு சங்குப்பூவும் சேர்ப்பேன். நீலமாக இருப்பது எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறும்போது அவன் போடுகிற கூச்சலுக்காகவே பந்தலில் அந்தக் கொடியை விட்டுவைத்திருக்கிறேன். (தேயிலை ஒரு துளிகூட இல்லாத இதற்கு டீ என்று பெயர். போகட்டும்.)

அந்த மே மாதத்துக்கு முன்னால் ஏழு மாதம் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். திருவல்லிக்கேணி. சாயங்காலம் ஐஸ் ஹவுஸ் வழியாகக் கடற்கரைக்கு நடப்பேன். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவைக்க 1842ல் கட்டிய கட்டிடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம். பேருந்துக்காரர்களுக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

நடந்துவிட்டு வந்ததும் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன். அரிசிக்குத் தண்ணீர் அளவு, பேரனின் டியூஷன், ஜன்னலை எந்நேரம் சாத்துவது. முதல் மாதம் மருமகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் "சரி அத்தை" என்றாள். ஐந்தாம் மாதத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். நான் சொன்னவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த இலைகளில்தான் என்ன தப்பு இருந்தது? வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம் இது உறைத்தது. அன்றைக்கு டீ கொஞ்சம் கசந்துதான் போனது.

போன வாரம் மருமகள் போன் செய்தாள். பால்கனித் தொட்டியில் புதினா நன்றாக வந்திருக்கிறதாம், அந்த டீயை எப்படிப் போடுவது என்று கேட்டாள். சொன்னேன். காலையில் வெயில் ஏறுமுன் நுனியைக் கிள்ளு, மூடி வை, பத்து நிமிஷத்தில் எடு. தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, தண்ணீர் எத்தனை வேளை விடுகிறாள், புதினாவைத் துளசியோடு ஒரே தொட்டியில் வைத்துவிட்டாளோ என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"வேற ஏதாவது இருக்கா அத்தை?"

"அவ்வளவுதான்மா" என்றேன்.



அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவளாகவே, துளசிக்குத் தனித் தொட்டி வாங்கலாமா என்று கேட்டாள்.