ஆலிலைக் கண்ணனின் கால்கள்

நாட்காட்டிகளிலும் தஞ்சாவூர் ஓவியங்களிலும் நாம் அன்றாடம் வணங்கும் ஆலிலைக் கண்ணனின் திருக்கோலத்தைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மல்லாந்து படுத்திருக்கிறான். முழங்கால்கள் மடங்கி, தொடைகள் இருபுறமும் விரிந்திருக்கின்றன. கால் கட்டைவிரல் வாயில். அறுபது ஆண்டுகளாகக் கும்பிட்டு வந்த அந்தப் படத்தில், கால்களின் அமைப்பை நான் உற்றுப் பார்க்கத் தொடங்கியது பேத்தி பிறந்த பிறகுதான்.

என் மகளுக்கு அது தலைப்பிரசவம். குழந்தை தலை மேலாகவும் இடுப்பு கீழாகவும் இருந்ததால் அறுவை செய்து எடுத்தார்கள். முதற்குழந்தை, பெண், இடுப்பு கீழாக இருந்தவள் என்ற மூன்றும் சேர்ந்தால் இடுப்பு மூட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டுமாம். ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்ததில், இடது தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குரிய குழியில் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. குழியும் ஆழம் குறைவு. குழந்தைக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் பின்னாளில் தாங்கித் தாங்கி நடப்பாள் என்றார் மருத்துவர்.

மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. சிகிச்சை என்பது மெல்லிய வார்ப்பட்டைகள்தாம். அர்னால்ட் பாவ்லிக் என்ற செக் நாட்டு மருத்துவர் 1940-களில் வகுத்த முறை இது. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, தோள்களின் மேல் இரண்டு, பாதங்களைத் தாங்க இரண்டு. அவை முழங்காலை மடக்கித் தொடையை விரித்து வைக்கின்றன. குழந்தை உதைத்து விளையாடலாம், காலை நீட்ட மட்டும் முடியாது. எலும்புத் தலை குழியிலேயே தங்குவதால், குழி அதற்கேற்ப ஆழமாக வளர்கிறது. இரவும் பகலும் அணிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பன்னிரண்டு வாரம் என்றார்கள்.

செய்தி கேட்டு ஞாயிறு கிராமத்திலிருந்து என் அக்கா வந்தார். கையில் தூளி கட்ட, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திப் புடவை. பேத்தியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. “ஏண்டா தம்பி, பச்சைக் குழந்தையை இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறீர்களே!” என்றார். என் மனைவி, “யசோதையும்தான் கட்டினாள், அண்ணி. தாமோதரன் என்று பெயரே வந்துவிட்டதே” என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

தூளியால் இந்தக் குறை வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தூளியில் துணி இருபுறமும் அழுத்தி, விரிந்திருக்க வேண்டிய தொடைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. ஆகவே சிகிச்சை முடியும்வரை தூளி வேண்டாம் என்றார் மருத்துவர். தூளி இல்லாமல் ஒரு தமிழ்க் குழந்தையை உறங்க வைப்பது எப்படி? முதல் நான்கு இரவுகள் நாங்கள் யாருமே உறங்கவில்லை. கல்கத்தா நெடுஞ்சாலையில் போகும் லாரிகளை எண்ணியபடி, முறை வைத்துக்கொண்டு தோளில் போட்டு உலாவினோம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பாயின் மேல் சமமான மெத்தை, தலையணை கிடையாது. எப்போதும் மல்லாந்த நிலை. ஒருக்களித்தால் மேற்கால் உள்நோக்கிச் சரியும். பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டையும் நீண்ட காலுறையும் அணிவித்தால் தோல் உராயாது. அணைத்துணி பட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும். எண்ணெயும் பவுடரும் கூடாது. தொடை மடிப்புகளையும் முழங்காலின் பின்புறத்தையும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். கால்களை இறுக்கிப் போர்த்தக் கூடாது. ஏரிக்கரை ஊர் என்பதால் எங்களுக்குக் கொசு அதிகம். கால்களில் படாதவாறு பெரிய வலை வாங்கினோம். குழந்தை ஒரு காலை உதைக்காமல் வைத்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டையை நாமாகத் தளர்த்தவோ இறுக்கவோ கூடாது.

ஆட்டம் நின்றுபோனாலும் பாட்டு நிற்கவில்லை. பெரியாழ்வார் திருமொழியில் தாலாட்டுக்கென்றே ஒரு பதிகம் உண்டல்லவா? பிரமன் தொட்டில் அனுப்புகிறான்; மற்றத் தேவர்கள் அணிகலன்கள் அனுப்புகிறார்கள். அக்கா அதைப் பாடிக்கொண்டே மார்பில் மெல்லத் தட்டுவார். ஐந்தாம் நாள் இரவு மூன்று மணி நேரம் தொடர்ந்து உறங்கினாள். “இவளுக்கும் மார்புக்கும் காலுக்கும் நகை வந்திருக்கிறது” என்று அக்காவே சொன்ன பிறகு வீட்டில் வாதம் ஓய்ந்தது.

அவரை உண்மையில் மாற்றியது ஜப்பான் கதை. அங்கே குழந்தைகளின் கால்களை நீட்டிச் சுற்றிக் கட்டும் வழக்கம் இருந்தது. நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகள்வரை இந்தக் குறை காணப்பட்டது. 1975 அளவில் அந்த வழக்கத்தை விடும்படி, குறிப்பாகப் பாட்டிமாரிடம், நாடு முழுவதும் எடுத்துச் சொன்னார்கள். பிறகு அது ஆயிரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. பாட்டிமார் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அக்கா இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

நம் வழக்கத்தில் நல்லதும் இருக்கிறது. குழந்தையை ஒக்கலையில் வைத்துக்கொள்ளும்போது கால்கள் இடுப்பின் இருபுறமும் விரிந்து மடங்குகின்றன. மூட்டுக்கு உகந்த நிலை அதுவே. மாறாக, குளிப்பாட்டும்போது கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதையும், காலை இழுத்து நீட்டி நீவுவதையும் இனி விட்டுவிடுவது நல்லது.

ஆறு மாதத்துக்கு மேல் கண்டறிந்தால் பெரும்பாலும் மார்பு முதல் கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டி வரும். அப்போது உறக்கம் இன்னும் கடினம். கெண்டைக்காலின் கீழ் மடித்த துண்டு வைத்துக் குதிகால் படுக்கையில் அழுந்தாமல் காக்க வேண்டும். இரவிலும் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, கால் விரல்களின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குச் செல்லும்போதே “இடுப்பையும் பாருங்கள்” என்று தாத்தா பாட்டிகள் ஒரு வார்த்தை கேட்டால் அந்த அலைச்சல் பலருக்கு மிஞ்சும்.

பன்னிரண்டு வாரம் முடிந்து பட்டையைக் கழற்றினார்கள். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் குழி நன்றாக ஆழமாகியிருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலில் கூட்டம் மிகுதி. வரிசை முழுவதும் பேத்தியை வேறு யாரிடமும் கொடுக்க அக்கா மறுத்துவிட்டார். நடக்கத் தொடங்கியதும் மீண்டும் ஓர் எக்ஸ்ரே இருக்கிறது. அதுவரை அக்காவின் ஒக்கலைதான் அவளுக்கு வாகனம்.