டேங்க்கைப் பார்த்து மயங்காதீர்கள்

வீட்டு ஷெட்டுக்கு கம்ப்ரசர் கேட்டால் கடைக்காரர் முதலில் டேங்க்கைத்தான் தட்டிக் காட்டுவார்: "50 லிட்டர் சார்!" நான் பார்ப்பது வேறு. 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது?

கார் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ போதும். சின்ன மெஷினே தாராளம். அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்சுக்கு 5 கன அடியாவது வேண்டும். பெயின்ட் ஸ்ப்ரே இன்னும் தின்னும். டேங்க் எவ்வளவு பெரிதானாலும், காலியானபின் பம்ப்தான் ஈடுகொடுக்க வேண்டும்.

ஆயில் இல்லாத மலிவு மாடல்களுக்குப் பராமரிப்பு குறைவு. சத்தமோ, அப்பப்பா! பக்கத்து வீட்டோடு உறவு வேண்டுமானால் 'சைலண்ட்' ரகம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் டேங்க்கின் அடிவால்வைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். சென்னை ஈரக்காற்றில் டேங்க்குக்குள் துரு சீக்கிரமே ஏறும்.