அமுச்சியின் பிளேட்டு

சின்ன வயதில் எதையாவது உடைத்து அகப்பட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கண்ணாடியோ, ஊறுகாய் ஜாடியோ உடைத்திருப்பீர்கள். நான் ஒரு பாட்டையே வெந்நீரில் முக்கி, துளசித் தொட்டி செய்தவள்!

திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அங்கேதான் என் அமுச்சி வீடு. திண்ணையை ஒட்டிய அறையில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று உண்டு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பழைய பிளேட்டை வெந்நீரில் போட்டால் அப்பளம்போல் துவளும், கிண்ணத்தின்மேல் கவிழ்த்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும் என்று ஒரு தோழி சொன்னாள். செய்து பார்த்தேன். அருமையாக வந்தது. தண்ணீர் வடிய நடுவில் ஓட்டைகூடத் தயார்!

அமுச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தாயி பிளேட்டாச்சே கண்ணு" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அதிலேயே துளசி நட்டு, பல வருஷம் தண்ணீர் ஊற்றினாள். திட்டியிருந்தால் நான் மறந்து போயிருப்பேன்.

தாயி யார் என்பது பத்திரிகை வேலைக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. கோயமுத்தூர் தாயி, இயற்பெயர் பழனிக் குஞ்சரம். 1872-ல் பிறந்து 1917-ல் மறைந்தவர். கிராமபோன் கம்பெனிக்காக ஏறக்குறைய 300 பாட்டுகள் பாடியிருக்கிறார். அந்நாளில் மைக் ஏது? பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் கத்திப் பாடவேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷந்தான். அதற்குள் ராகத்தையும் காட்டி, பாட்டையும் முடிக்கவேண்டும். நம் சமையலறை அவசரமெல்லாம் எம்மாத்திரம்!

இன்னொன்று கேளுங்கள். 1912-ல் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த மாரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசைக்காரர், தாயியின் பிளேட்டைக் கேட்டு மயங்கி, அதை ஒட்டி 'ராகமாலிகா' என்றே ஒரு பாட்டு எழுதினார். அதில் பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லியிருக்கிறார், சத்தம் நம் வாத்தியம் மாதிரி அடங்கி வருவதற்காக! மேல்நாட்டிலே, துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானாகவே வாசிக்கும் பியானோ ஒன்று உண்டு. அந்தச் சுருள்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் தேடியதோ ஒரே ஒரு பிளேட்டு.

கைப்பேசியில் தாயியின் குரல் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அமுச்சியின் பிளேட்டில் இருந்தது எந்தப் பாட்டு? லேபிள் வெந்நீரோடு போய்விட்டது. பாடிக் காட்டச் சொன்னால், "கேட்டாத் தெரியும்" என்பாள்.

பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கினேன். கடைசியில் திருப்பூரிலேயே, பனியன் கழிவுத் துணி மூட்டைகளுக்குப் பின்னால், தாயியின் பெயரோடு ஒன்று அகப்பட்டது. 300 ரூபாய். ஓரத்திலிருந்து உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல்.

ஞாயிற்றுக்கிழமை பகல். பக்கத்துப் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் சத்தம் இல்லை. பெட்டிக்குச் சாவி கொடுத்தேன். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசல் 'டக்' கென்றது. அந்த 'டக்'குகளுக்கு நடுவே, நூறு வருஷத்துக்கும் முந்திய குரல் எழுந்தது. அமுச்சி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது.

"பாட்டு இது இல்லே கண்ணு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆனா அவளேதான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"திருப்பி அந்தப் பக்கம் போடு. ஊசிய மாத்திப்போட்டுப் போடு."