ஒரு நூலகரின் பேச்சு

எனக்குத் திக்குவாய். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நண்பர்களில் பலர் என்னைக் கடிதங்கள் மூலமே அறிந்தவர்கள். அவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். நேரில் பழகியவர்கள் மரியாதை கருதி இதைப் பேசுவதில்லை. ககரத்தில் தொடங்கும் சொற்கள் எனக்குச் சட்டென்று வராது. என் பெயரே ககரத்தில்தான் தொடங்குகிறது.

பத்து வயதில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் போனேன். மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மாள் பெயர் கேட்டார். என் முகம் கோணிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பித் தள்ளி, பேனாவையும் கொடுத்து, "நீயே எழுதுப்பா" என்றார். அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசவேண்டிய இடங்களிலும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

லூட்டி ஸ்டெர்ன்ஸைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது, அவருக்கும் திக்குவாய் என்ற ஒரே ஒரு வரி. மற்றவற்றைப் பிறகுதான் படித்தேன்.

1866இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் பிறந்து, சிறுவயதிலேயே விஸ்கான்ஸின் மாநிலத்து மில்வாக்கிக்கு வந்தவர். முதலில் பள்ளி ஆசிரியை. பாடப் புத்தகம் போதாதென்று பொது நூலகத்திலிருந்து மாணவர்களுக்குப் புத்தகங்களைச் சுமந்து வந்து கொடுத்தார். கடைசியில் அந்த நூலகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அன்று பல நூலகங்களில் பன்னிரண்டு, பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புத்தகம் கிடையாது. சிறுவர் வாசிப்பைப் பற்றி அமெரிக்க நூலகச் சங்கத்தின் முன் 1894இல் வைத்த அறிக்கையில், இந்த வயது வரம்பு வேண்டாம் என்று வாதாடினார் ஸ்டெர்ன்ஸ்.

1895இல் விஸ்கான்ஸினில் இலவச நூலக ஆணையம் ஏற்படுவதற்காக ஃப்ராங்க் ஹட்சின்ஸுடன் சேர்ந்து உழைத்தவர், 1897இல் அதன் முழுநேர ஊழியரானார். ஆணையத்தின் முக்கியமான காரியம் பயண நூலகம். ஒரு மரப்பெட்டி, உள்ளே சில பத்துப் புத்தகங்கள். பெட்டியை ஒரு கிராமத்துத் தபாலாபீஸிலோ கடையிலோ பண்ணை வீட்டிலோ வைப்பார்கள். அங்குள்ளவர்கள் படித்து முடித்தால் அது அடுத்த ஊருக்குப் போகும், வேறொரு பெட்டி வரும். ரயிலிலும் குதிரை வண்டியிலும், பனிக்காலத்தில் சறுக்கு வண்டியிலும் ஊர் ஊராகப் போய் இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவர். 150 பொது நூலகங்களும் 1,400 பயண நூலகங்களும் அவர் கைபட்டு எழுந்தவை என்கிறது அந்த மாநிலத்து நூலக வரலாறு.

ஊருக்கு ஊர் கூட்டம் கூட்டி, நகர சபைக்காரர்களிடம் வரிப்பணம் கேட்டு, பேசித்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. திக்குகிற வாயை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

பெட்டியைத் திறந்து படித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மற்றொரு பெட்டி திறக்கவில்லை. 1886இல் விஸ்கான்ஸின் பெண்களுக்குக் கிடைத்தது பள்ளி சம்பந்தமான தேர்தல்களில் மட்டும் வாக்கு. எது பள்ளி சம்பந்தம் என்று வழக்கு நடந்தது, நீதிமன்றம் அதையும் சுருக்கியது. 1901இல் பெண்களுக்கென்று தனிச் சீட்டும் தனிப் பெட்டியும் வைத்துப் பள்ளி வாக்கைத் திருப்பித் தந்தார்கள். முழு வாக்குரிமைக் கேள்வி 1912இல் மக்கள் முன் வந்தது. மக்கள் என்றால் ஆண்கள். பெருத்த வித்தியாசத்தில் தோற்றது. பெண்கள் வாக்களித்தால் மதுவிலக்கு வந்துவிடும் என்று பயந்த பீர் முதலாளிகள் எதிர்ப்பில் முன்னால் நின்றார்கள். மில்வாக்கியே பீரின் ஊர்.

1914இல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஸ்டெர்ன்ஸ் ஆணைய வேலையை விட்டார். பெண் வாக்குரிமைக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் மேடையேறிப் பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 1919 ஜூன் 10இல் பத்தொன்பதாவது திருத்தத்தை முதலில் ஏற்ற மாநிலங்களில் ஒன்றாயிற்று விஸ்கான்ஸின். அடுத்த ஆண்டு அது நாட்டின் சட்டமாயிற்று. 1943இல் அவர் இறந்தார்.

அவரை வழிபட எனக்கு விருப்பமில்லை. மதுவிலக்குக்கும் அதே வேகத்தில் பேசியவர் அவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் சித்திரக்கதைப் பக்கங்கள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று கோபப்பட்டார். நல்ல புத்தகம் எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர்களிடம் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அவர் அடுக்கிய பெட்டியில் நான் தேடும் புத்தகம் இருந்திருக்காது. ஆனால் முந்நூறு பிரதி அச்சடித்து, அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கிற நாம் இதை அதிகம் பேசக்கூடாது. அவர் தம் பெட்டியைப் பனியில் கொண்டுபோனார். நாம் தபால்தலை ஒட்டுகிறோம்.

எனக்கு உறைப்பது வேறு. என் கவிதைகளில் உள்ள மௌனத்தைப் பற்றி நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். 'கடல்' என்று வரவேண்டிய ஓரிடத்தில் 'சமுத்திரம்' என்று நான் போட்டதில் தொன்மத்தின் கனம் இருப்பதாக ஒருவர் ஒரு பக்கம் எழுதினார். உண்மை என்னவென்றால், என்றாவது படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ககரத்தை எடுத்தேன். கதவு வாசலாயிற்று, காற்று வளியாயிற்று. இப்படி முப்பது வருஷமாக, வாய்க்குப் பயந்து எழுதியதை அழகியல் என்று பிறர் சொல்லக் கேட்டுச் சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருத்தலையும் மௌனம் என்றே கணக்கு வைத்திருந்தேன்.

பதிவேட்டைத் தள்ளிய அந்த அம்மாளின் கருணையில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கருணையாகவே கடைசிவரை வைத்துக்கொண்டது என் பிசகு. ஸ்டெர்ன்ஸுக்கும் அப்படி ஒரு பதிவேடு இருந்தது. ஆணையத்தின் மேஜையில் உட்கார்ந்து, பட்டியல் எழுதி, ஓய்வுவரை இருந்திருக்கலாம். எழுந்து போனார்.

அடுத்த மாதம் நம் கூட்டத்தில் கவிதை வாசிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். வழக்கம்போல வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்ப இருந்தேன். இந்த முறை நானே வருகிறேன். பிரதியில் 'சமுத்திரம்' என்றிருந்ததை அடித்துக் 'கடல்' என்று திருத்தியிருக்கிறேன். இருபது நிமிஷமாகும். வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.